ஒற்றைக் கைச் சட்டையும் ஐந்து கிலோமீற்றரும்

படுவான்கரையில் ஒரு பெண் ஓடினால் அதற்கு இரண்டே இரண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, கட்டியிருந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். மற்றது, யானை. மூன்றாவதாகவும் ஒரு காரணம் உண்டு என்று பழுகாமத்து ஆட்களுக்குக் காட்டியவள் அஜந்தா. அதைக் காட்ட அவள் பட்ட பாடு இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விட மனம் வராது.

அஜந்தாவுக்கு நாற்பத்திரண்டு வயது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண்பத்தாறு பேருக்குக் காலைச் சாப்பாடு ஆக்கிக் கொடுப்பதுதான் வேலை. விடியுமுன் அடுப்பை மூட்டினாள் என்றால், ஏழு மணிக்குச் சோறும் பருப்பும் கீரையும் நெத்தலிக் குழம்பும் கிடாரம் கிடாரமாக இறங்கியிருக்கும். அந்த வேலையில் ஒரு நாள் பிந்தியதில்லை, ஒரு பிள்ளை பசியோடு வகுப்புக்குப் போனதில்லை. புருசன் திவாகரனுக்குக் கொஞ்சம் வயலும் ஓர் உழவு மெசினும். ஒரே மகள் பிரஷாந்தி மட்டக்களப்பு நகரத்தில் தங்கித் தாதிப் படிப்புப் படிக்கிறாள். குறை என்று சொல்ல எதுவும் இல்லாத வீடு. ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று தையல் மெசினுக்கு மேலே ஆணியில் தொங்கியது. நீலக் கோடு போட்ட ஒரு சட்டை. எட்டு வருசத்துக்கு முன் மாதர் சங்கத் தையல் வகுப்புக்குப் போன உற்சாகத்தில் திவாகரனுக்கென்று அஜந்தா தைக்கத் தொடங்கிய சட்டை அது. கழுத்துப் பட்டி வந்தது, பொத்தான் வந்தது, இடது கை வந்தது. வலது கைக்கு முன்னால் வகுப்பு முடிந்துவிட்டது, உற்சாகமும் முடிந்துவிட்டது. வலது கைக்கென்று வெட்டிய துணி சும்மா கிடக்கிறதே என்று அடுப்படிக்குப் போய், சூடான சட்டி பிடிக்கும் துணியாகிவிட்டது. ஒற்றைக் கைச் சட்டை மட்டும் ஆணியில் நின்றது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்து ஆங்கில வகுப்பு, மூன்று மாதம். காளான் வளர்ப்பு, ஒரே ஒரு அறுவடை. ஸ்கூட்டி ஓட்டப் பழகியது, முதல் பரீட்சையோடு சரி. ஒவ்வொன்றையும் அவள் தொடங்கும்போது திவாகரன் எழுந்து போய் அந்தச் சட்டையை ஆணியிலிருந்து எடுத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடியும் மாட்டுவான். பிறகு கேட்பான்:

"என்ன புள்ள, இதுவும் ஒத்தக் கைதானா?"

பொல்லாத மனிதன் இல்லை அவன். பகிடிக்காரன், அவ்வளவுதான். ஆனால் ஒரே பகிடியை எட்டு வருசம் கேட்டால் யாருக்குத்தான் எரியாது? அஜந்தா சிரிப்பாள். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்ச் சட்டிகளைக் கொஞ்சம் பலமாக வைப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் அஸீமா வந்தாள். பள்ளிக்கூடச் சாப்பாடு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு செவ்வாயும் காத்தான்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற உத்தியோகத்தர். முப்பது வயதுகூட ஆகாத பெண். வந்தால் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பதற்கு முன் குழம்பை ஒரு கரண்டி வாங்கி ருசி பார்ப்பாள். அதனாலேயே அஜந்தாவுக்கு அவளைப் பிடிக்கும்.

"அக்கா, மாதர் சங்கங்கள் எல்லாம் சேந்து ஒரு ஓட்டப் போட்டி வைக்கம். அஞ்சு கிலோமீற்றர். பொம்பிளையள் மட்டும்தான். முப்பது பேர் வேணும், இருபத்தொம்பது சேந்துட்டு. உங்கட பேர மட்டும் தாங்களன்."

"ஓடுறதா? நானா? என்ன மிஸ், பகிடி பண்றீங்க?"

"பேர் மட்டும்தானக்கா. அண்டைக்கு வராட்டியும் பரவால்ல."

வராவிட்டாலும் பரவாயில்லை என்றாள் பாருங்கள், அந்தச் சொல்தான் அஜந்தாவின் நெஞ்சில் போய்க் குத்தியது. இவள் எப்படியும் வரமாட்டாள் என்று காத்தான்குடியிலிருந்து வருகிற பிள்ளைக்கே தெரிந்திருக்கிறது! அஸீமா அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்பது வேறு விசயம். முப்பதாவது பெயராக அஜந்தா தன் பெயரைத் தானே எழுதினாள். எழுதும்போதே ஒரு முடிவும் எடுத்தாள். முதலாவதாக வரத் தேவையில்லை, பத்தாவதாகவும் வரத் தேவையில்லை. தொடங்கியதை முடிக்க வேண்டும், அதுவும் தன் காலால் முடிக்க வேண்டும்.

வீட்டில் சொன்னாள். திவாகரன் எழுந்தான். ஆணியடிக்குப் போனான்.

"தொடாதீங்க அத!" என்றாள் அஜந்தா. அவன் கை அந்தரத்தில் நின்றது. எட்டு வருசத்தில் அவள் அப்படிக் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவன் சட்டையைத் தொடவில்லை. ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவனால் முடியுமா?

"நான் ஒண்டும் சொல்லல்ல புள்ள. இந்த ஓட்டமும் ஒத்தக் கால்ல நிக்காட்டிச் சரி" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

போட்டிக்கு இன்னும் பத்துக் கிழமை, இரண்டரை மாதம், இருந்தது. றோட்டில் ஓடினால் ஊர் பார்க்கும், சிரிக்கும். ஆகவே வட்டை என்கிற வயல்வெளிக்குள் போகும் வாய்க்கால் கரைக்கட்டைத் தெரிந்தெடுத்தாள். பின்னேரம் ஐந்து மணிக்கு அங்கே யார் இருக்கப்போகிறார்கள் என்று நினைத்தாள். மகளின் பழைய ஓட்டக் காற்சட்டை, அதற்கு மேலே முழங்கால் வரைக்கும் திவாகரனின் பெரிய சட்டை, காலில் றப்பர் செருப்பு. நாலு அடி ஓடியதும் செருப்பு வழுக்கியது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள்.

வாய்க்கால் துப்புரவாக்கிக்கொண்டிருந்த தங்கராசா நிமிர்ந்து பார்த்தார். அறுபது வயது மனிதர், போன வருசம் யானை மிதித்து ஒரு வரவை வயல் நெல்லைப் பறிகொடுத்தவர். கையில் செருப்போடு, கண் பிதுங்க, கட்டு வழியே ஒரு பெண் ஓடி வருகிறாள். அவருக்கு வேறு என்ன தோன்றும்? மண்வெட்டியை அப்படியே போட்டார். "யானை! யானைடோய்!" என்று கத்திக்கொண்டு அஜந்தாவுக்கு முன்னால் ஓடினார். அவரைப் பார்த்து அடுத்த வயலில் நின்ற இரண்டு பேர் ஓடினார்கள். காவல் குடிலில் இருந்தவன் ஓடியவர்களைப் பார்த்து யானை வெடியைக் கொளுத்திப் போட்டான். டமார்! டமார்! ஊருக்குள் கடைக் கதவுகள் சாத்தப்பட்டன, பிள்ளைகளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது, நாய்கள் குரைத்தன.

வெடிச் சத்தம் கேட்டதும் திவாகரன் மெசினைக் கிளப்பிக்கொண்டு பறந்து வந்தான். மருத மரத்தடியில் அஜந்தா மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தங்கராசா குந்தியிருந்து அதைவிடப் பலமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"எங்க யானை?" என்றான் திவாகரன், முகம் வெளிறி.

"எந்த யானை?" என்றாள் அஜந்தா.

"இவ ஓடினா, நானும் ஓடினன்" என்றார் தங்கராசா. "என்னத்துக்குப் புள்ள ஓடினாய்?"

"சும்மாண்ணே. பழகுறதுக்கு."

"சும்மாவா!" தங்கராசாவுக்கு வந்த கோபத்தில் மறுபடியும் மூச்சு வாங்கியது. "எனக்கு நெஞ்சு நிண்டுபோகப் பாத்திச்சு, இவ சும்மா ஓடினாவாம்!"

திவாகரன் சிரிக்கத் தொடங்கியவன் வீடு போய்ச் சேரும்வரை நிறுத்தவில்லை. ஊரும் ஒரு கிழமை சிரித்தது. சரி, இனி ஒளிக்க என்ன இருக்கிறது? அடுத்த நாளிலிருந்து அஜந்தா வாய்க்கால் கட்டில் ஏறும்போதே உரத்துச் சொல்லிவிட்டு ஓடத் தொடங்கினாள். "யானை இல்ல, தங்கராசண்ணே! யானை இல்ல!" வளைவுக்கு வளைவு அதையே சொல்லிக்கொண்டு ஓடினாள். பேசக்கூடிய வேகத்தில்தான் ஓட வேண்டும், பேச முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம் என்று அஸீமா சொல்லியிருந்தாள். யானை இல்லை என்று ஊருக்கு அறிவித்ததே அவளுக்கு நல்ல அளவாகிப்போனது.

அஸீமா ஸ்கூட்டியின் மீற்றரை வைத்து அளந்து கொடுத்தாள். வாய்க்கால் தலைப்பிலிருந்து மருத மரம் இரண்டரைக் கிலோமீற்றர். போய்த் திரும்பினால் ஐந்து. இடையில் ஏழு மதகு. முதல் கிழமை ஒரு மதகு தூரம் ஓட்டம், இரண்டு மதகு தூரம் நடை. பிறகு ஓட்டமும் நடையும் சரிபாதி. நாலாம் கிழமையில் மூன்று மதகை நிற்காமல் கடந்தபோது அஜந்தா யாரும் இல்லாத வயலைப் பார்த்துக் கையைத் தட்டினாள். கொக்குகள் எழும்பிப் பறந்தன.

சும்மா சொல்லக்கூடாது, அவளுக்கு அது பிடித்துவிட்டது. போட்டி ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஒரு மணித்தியாலத்தில் அவள் யாருக்கும் சமைக்கவில்லை, யாருக்கும் பரிமாறவில்லை. கதிர் வாசம் வரும், வாவிப் பக்கமிருந்து காற்று வரும், காலுக்குக் கீழே கட்டு மண் குளிர்ந்துபோய் இருக்கும். செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் ஓடினாள். இரவில் படுத்தால் அடித்துப்போட்ட மாதிரி நித்திரை. இத்தனை நாளும் இது தெரியாமல் போய்விட்டதே என்று அவளுக்கு உண்மையாகவே கவலையாக இருந்தது.

ஆறாம் கிழமை கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் போகவில்லை. இரண்டாம் நாளும் போகவில்லை. மூன்றாம் நாள் கால் நன்றாகத்தான் இருந்தது, மனம்தான் சோம்பல்பட்டது. நாளைக்குப் பார்ப்போம் என்று பாயில் சாய்ந்தவள் தற்செயலாகச் சுவரைப் பார்த்தாள். ஆணியில் ஒற்றைக் கைச் சட்டை. அதுவும் இப்படித்தான் நாளைக்குப் பார்ப்போம் என்று மாட்டப்பட்டது. எழும்பி ஓடினாள்.

கடைசிக் கிழமை அஸீமா தன் பழைய சப்பாத்தைக் கொண்டுவந்து தந்தாள், மேஸ் என்கிற காலுறையும் சேர்த்து. தார் றோட்டில் சப்பாத்து இல்லாமல் ஓட முடியாது என்றாள். கயிறு அவிழாமலிருக்க இரட்டை முடிச்சுப் போடக் காட்டிக்கொடுத்தாள். அஜந்தா போட்டுக்கொண்டு முற்றத்தில் இரண்டு சுற்று நடந்தாள். கால் இரண்டையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய மாதிரி இருந்தது.

"மறுகா ஒரு விசயமக்கா. நாப்பத்தஞ்சு நிமிசத்துக்குள்ள முடிக்கணும். அதுக்குப் பிறகு றோட்டத் திறந்துடுவாங்க. ஓட ஏலாத ஆக்கள ஏத்தப் பின்னால ஒரு வண்டி வரும். அதில ஏறினா முடிச்சதுக்குக் கணக்கில்ல."

"என்ன வண்டி?"

அஸீமா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "உங்கட ஊட்டுக்காரர்ர மெசினும் பெட்டியும்தான் பிடிச்சிருக்கம்."

திவாகரன் முற்றத்தில் மெசினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பாலத்தடியில் காலை ஆறரைக்குத் தொடக்கம் என்று சொல்லியிருந்தார்கள். முப்பது பெண்களும் ஆறு மணிக்கே வந்துவிட்டார்கள். பிரதம அதிதி வரவில்லை. ஏழு மணியாயிற்று, எட்டும் ஆயிற்று. எட்டரைக்கு வந்தார், மாலை போட்டார்கள், விளக்கேற்றினார், ஓடுவதால் உடம்புக்கு வரும் நன்மைகளைப் பற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்கு இருபது நிமிசம் பேசினார். அவர் கொடியசைத்தபோது ஒன்பது மணி, வெயில் உச்சி மண்டையில் இறங்கத் தொடங்கியிருந்தது.

பாலத்தடியிலிருந்து பழுகாமம் மைதானம் வரைக்கும் ஐந்து கிலோமீற்றர். இள வயதுப் பெண்கள் சிட்டாகப் பறந்துவிட்டார்கள். அஜந்தா அவர்களைப் பார்க்கவில்லை. முதுகில் முப்பதாம் இலக்கம், வாயில் முணுமுணுப்பாக "யானை இல்ல, யானை இல்ல." பின்னால் திவாகரனின் மெசின் டுக்கு டுக்கு என்று ஊர்ந்து வந்தது.

முதல் கிலோமீற்றரிலேயே கடைக்காரக் கண்ணகையக்கா மெசினுக்குப் பின்னால் பூட்டிய பெட்டியில் ஏறிவிட்டாள். ஏறும்போதே மடியில் வறுத்த கச்சான் கடலைப் பையும் இருந்தது, ஆகவே அவள் ஏறுவதற்கென்றுதான் வந்தாள் என்று நினைக்க வேண்டியிருக்கிறது. இரண்டாம் கிலோமீற்றரில் இன்னும் மூன்று பேர். பெட்டி ஒரு கல்யாண வண்டி மாதிரி ஆகிவிட்டது. மிச்சமிருந்தவர்களில் கடைசி ஆள் அஜந்தாதான்.

"அஜந்தா! ஏறு கா! கச்சான் கிடக்கு, தண்ணி கிடக்கு!" என்றாள் கண்ணகையக்கா பெட்டியிலிருந்து.

"நீங்க தின்னுங்கக்கா."

"எங்களுக்கு மட்டும் சேட்டிபிக்கட் வேணாமா என்ன? உடம்புதான் கா பெரிசு."

அஜந்தா முன்னால் பார்த்து ஓடினாள். பேசிக்கொண்டு ஓடலாம், வாதாடிக்கொண்டு ஓட முடியாது. சப்பாத்து குதிக்காலைக் கடித்தது. ஓட்டமும் நடையுமாக மூன்று கிலோமீற்றர் போய்விட்டது. திவாகரன் ஒரு பகிடிகூட விடவில்லை, அதுதான் ஆச்சரியம். ஐந்து நிமிசத்துக்கு ஒரு தடவை மட்டும் கைபேசியைப் பார்த்து நேரத்தைக் கத்தினான். "இருவத்தஞ்சு!" "முப்பது!"

ஊருக்குள் நுழைகிற இடத்தில் அம்மன் கோயில். அந்தக் கோயில் வாசலைக் காலில் செருப்போடு தாண்டுகிற பழக்கம் ஊரில் யாருக்கும் இல்லை. சைக்கிளில் போகிறவர்கள்கூட ஒரு காலையாவது செருப்பிலிருந்து உருவி, நெஞ்சில் கை வைத்துவிட்டுத்தான் மிதிப்பார்கள். அஜந்தா அந்த வாசலில் தீ மிதித்தவள். மூன்று வருசத்துக்கு முன் திவாகரன் டெங்குக் காய்ச்சலில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வைத்த நேர்த்தி அது. பத்துக் கிழமையும் வாய்க்கால் கட்டில் வெறுங்காலோடு ஓடியவளுக்குச் சப்பாத்தோடு கோயிலைத் தாண்ட வேண்டி வரும் என்று ஒருநாளும் யோசனை வரவில்லை.

இப்போதும் யோசனை வரவில்லை. கால் தானாக நின்றது, உடம்பு தானாகக் குனிந்தது. கோயில் வாசலில் குந்தியிருந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். இரட்டை முடிச்சு! இழுத்தால் இறுகியது. வியர்வையில் விரல் வழுக்கியது. நகத்தால் கிண்டி ஒன்றை அவிழ்த்தாள். மற்றதை அவிழ்க்காமல் குதிக்காலை உதறி இழுத்தே கழற்றினாள். காலுறைகளையும் உருவி, இரண்டையும் வாசலோரம் ஒழுங்காகச் சோடி சேர்த்து வைத்தாள். கை கூப்பினாள். கண்ணைத் திறந்தபோது மெசின் பக்கத்தில் வந்து நின்றது.

அவள் தரையில் குந்தியிருந்த கோலத்தையும் கழற்றிய சப்பாத்தையும் திவாகரன் பார்த்தான். முடிந்துவிட்டது என்று நினைத்தான். அவன் முகத்தில் பகிடி இல்லை. இறங்கி வந்து பெட்டியின் பின்பலகையைத் திறந்தான்.

"சரி புள்ள. நல்லா ஓடினாய். நாலு மதகு ஓட மாட்டாய் எண்டு நினைச்சன், இவ்வளவு தூரம் வந்துட்டாய். ஏறு."

ஐயோ, பகிடி பண்ணியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் இரக்கப்பட்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"எத்தின நிமிசம்?" என்றாள்.

"முப்பத்தினாலு."

ஒன்றரைக் கிலோமீற்றர், பதினொரு நிமிசம். சப்பாத்தைத் திரும்பப் போட நேரமில்லை. அஜந்தா எழும்பினாள், சட்டையை இழுத்துவிட்டாள், வெறுங்காலைத் தார் றோட்டில் வைத்தாள்.

அம்மாளே! ஒன்பதரை மணி வெயிலில் தார் தோசைக் கல்லாகக் கிடந்தது. றோட்டோரம் இறங்கலாம் என்றால் நெருஞ்சி முள். நடக்கலாம் என்றால் கால் ஒரு கணம் கூடத் தங்க முடியாது, உள்ளங்கால் பொசுங்கியது. ஓடினால் மட்டும்தான் கொஞ்சம் ஆறுதல், கால் தரையில் கிடக்கும் நேரம் குறைவு. அப்போதுதான் அவளுக்குத் தீக்குழி ஞாபகம் வந்தது. ஊர் எல்லாம் அவள் பாதியில் விட்டவற்றை எண்ணியது. அந்தத் தீயை யாரும் எண்ணவில்லை, அவளும் எண்ணவில்லை. அதை அவள் முழுதாகக் கடந்தவள். நடுத் தீயில் நின்று நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்ல ஏலுமா?

ஓடினாள். இத்தனை கிழமையும் ஓடாத ஓட்டம் ஓடினாள். பேச முடியவில்லை, யானை இல்லை என்று சொல்லவும் மூச்சு இல்லை. நாலாம் கிலோமீற்றர்க் கல்லில் நெஞ்சு வெடிக்கும்போல் இருந்தது, நடந்து பார்த்தாள், தார் சுட்டது, மறுபடியும் ஓடினாள். இரண்டு பக்கமும் சனம். வேலியோரம் நின்ற தங்கராசா அவளைக் கண்டார், வெறுங்காலைக் கண்டார், பின்னால் வரும் மெசினையும் கண்டார்.

"யானை வருது புள்ள! யானை! ஓடு!" என்று கத்தினார் மனிதர்.

சனம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. சின்னது பெரியது எல்லாம் "யானை! யானை!" என்று கத்தியது. எண்பத்தாறு பிள்ளைகளில் பாதிப் பேர் அங்கேதான் நின்றார்கள், அவள் ஆக்கிய சோறு தின்ற தொண்டைகள் அல்லவா, சத்தத்துக்குக் குறைவா? பின்னால் பெட்டியிலிருந்து கண்ணகையக்கா கச்சானை மறந்து எழும்பி நின்று பலகையில் அடித்தாள். "உடாத கா! உடாத!" திவாகரன் ஹோனை அழுத்திய கையை எடுக்கவில்லை.

மைதான வாசல். உள்ளே கயிறு கட்டிய இடத்தில் அஸீமா மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாய் எண்ணுவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. அஜந்தா கயிற்றைத் தாண்டி, புல்லில் போய், அப்படியே இருந்துவிட்டாள்.

"நாப்பத்திநாலு நிமிசம் இருவத்தாறு செக்கன்!" அஸீமா ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். பிறகு குனிந்து பார்த்தாள். "யா அல்லாஹ், சப்பாத்து எங்கக்கா?"

"கோயிலடில" என்றாள் அஜந்தா. அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. இரவல் சப்பாத்தைக் கையிலாவது எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் வந்திருக்கிறாள். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் ஒன்றாகச் செய்தாள்.

மெசின் வந்து நின்றது. சப்பாத்துச் சோடி திவாகரனின் கழுத்தில் கயிற்றோடு தொங்கியது. அவன் அதைக் கழற்றவில்லை. மெசினில் கிடந்த தண்ணீர்க் கானை எடுத்துக்கொண்டு நேரே அவளிடம் வந்தான், முன்னால் குந்தினான். கரி பிடித்துச் சிவந்துபோன அந்த இரண்டு உள்ளங்கால்களிலும் அத்தனை சனத்துக்கும் முன்னால் மெதுவாகத் தண்ணீரை ஊற்றினான்.

"எழும்புங்க, ஆக்கள் பாக்காங்க" என்றாள் அஜந்தா.

"பாக்கட்டும். தீ மிதிச்ச ஆளுக்குக் காலில தண்ணி ஊத்தத்தானே வேணும்."

அன்றைக்குப் பின்னேரம் முழுவதும் வீட்டில் ஆட்கள் வந்து போனபடிதான். தங்கராசா இளநீரோடு வந்தார். பிரஷாந்தி தொலைபேசியில் அரை மணித்தியாலம் காலுக்கு என்ன பூச வேண்டும் என்று பாடம் எடுத்தாள். பெயரும் இலக்கமும் நேரமும் எழுதிய சான்றிதழைக் கண்ணகையக்கா இரண்டு தடவை வாங்கிப் பார்த்து, அடுத்த முறை தானும் முடிப்பதாகச் சொன்னாள். எல்லோரும் போனபிறகு அஜந்தா நொண்டி நொண்டிப் போய்த் தையல் மெசினடியில் உட்கார்ந்தாள். ஆணியிலிருந்து சட்டையை எடுத்தாள்.

திவாகரன் வாசலில் நின்று பார்த்தான்.

"மத்தக் கைக்குத் துணி இல்லயே புள்ள. அது சட்டித் துணியாப் போச்சே."

அஜந்தா கத்தரிக்கோலை எடுத்தாள். எட்டு வருசத்துக்கு முன் தைத்த இடது கையைத் தோளோடு சேர்த்து வெட்டி எடுத்தாள். இரண்டு தோள் வட்டத்தையும் மடித்து ஓரம் அடித்தாள். கால் மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அவனிடம் நீட்டினாள்.

"இந்தாங்க. முடிஞ்சிது."

மறுநாள் காலையில் திவாகரன் அதைப் போட்டுக்கொண்டுதான் வயலுக்குப் போனான். வாய்க்காலடியில் தங்கராசா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தம்பி, சட்டையில ரெண்டு கையையும் காணல்ல?"

"கை இல்லாட்டி என்னண்ணே" என்றான் திவாகரன், வெறுந் தோளைத் தட்டிக்கொண்டு. "இது முடிஞ்ச சட்டை."